கடிகாரக்காரரின் வலது கை

எங்கள் கடைத்தெருக் கடிகாரக்காரரின் வாழ்க்கையை எழுதப் புகுந்தால் அவருடைய கைக்குத் தனி அத்தியாயமே ஒதுக்க வேண்டும். எந்தக் கடிகாரத்தைத் திறந்தாலும், மூடுவதற்குள் அந்தக் கை உள்ளே புது பட்டன் பேட்டரி ஒன்றை வைத்துவிடும். தலை எங்காவது மேய்ந்துகொண்டிருக்கும். கை தன் உத்தியோகத்தைப் பார்க்கும்.

அப்படி மேய்ந்த தலைதான் ஒருநாள் நீடித்து உழைக்கும் பேட்டரியைக் கண்டுபிடித்தது. சாவிக்கொத்தில் தொங்கி, இருட்டில் தானாக ஒளிரும் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் சில. உள்ளே துளி கதிரியக்க வாயு. இருபுறமும் பழைய கால்குலேட்டரில் பிடுங்கிய சோலார் தகடு. மேலே கறுப்பு டேப். குழாயின் வெளிச்சத்தைத் தகடு தின்று மின்சாரம் கக்கும்; பத்து வருஷத்துக்குக் கவலையில்லை.

கடை அவர் மனைவியின் தம்பியுடையது. மச்சான் அதைத் தூக்கிப் பார்த்தார்.

“மாமா, இது பேட்டரியா, மின்மினிப் பூச்சிக்குச் சவப்பெட்டியா?”

“கடிகாரத்துல மாட்டுறேன். ஒரு வருஷம் ஓடினா?”

“முன்னாடி ஷோகேஸ் உங்களுக்கு. நின்னாலோ, நடுவுல திறந்தாலோ, இனிமே உங்களுக்கு வாட்ச் வார் மாத்துற வேலை மட்டும்தான்.”

மச்சான் முன்னிலையிலேயே கடிகாரக்காரர் ஒயரை இணைத்து, மூடியைப் பசை போட்டு ஒட்டினார். வீட்டில் சாப்பிடும்போது கவளம் பாதியில் நின்றது.

“ஏம்மா, நான் உள்ள பட்டன் பேட்டரி வெச்சேனா?” என்று மனைவியைக் கேட்டார்.

“என்னைக் கேட்டா? அடுப்பை அணைச்சேனான்னே எனக்கு ஞாபகமில்ல.”

கடிகாரம் ஓடியது. அதுதான் சங்கடம். ஓட்டுவது ஒளியா, பட்டனா? பட்டனே இரண்டு வருஷம் இழுக்கும். திறந்தால் பந்தயம் போச்சு. சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பும் மகனைச் சந்தேகிக்கும் தகப்பனைப்போல அதைத் தினமும் முறைத்தார்.

வருஷம் முடிந்தது. மச்சான் ஷோகேஸைக் காலி செய்து, கடிகாரத்தை நடுவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“அசந்துட்டேன் மாமா! எனக்கும் ஒண்ணு செய்ங்க.”

கடிகாரக்காரர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். எது உண்மை என்று தெரியாததால் மூடிக்கொண்டார்.

இரண்டாவதைச் செய்யும்போது மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்தார். “மூடுற வரைக்கும் என் வலது கையை விடாதே.”

“கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு நேரம் புடிக்கலையே!” என்றாலும் அந்த அம்மாள் இறுக்கித்தான் பிடித்திருந்தார்.

ஒற்றைக் கையால் திணறி மூடினார். கடிகாரம் ஓடியது!

“பாத்தியா? இது அசல்!”

அவருடைய இடது பக்கம் திறந்து கிடந்த பட்டன் பேட்டரி டப்பாவை மனைவி எட்டிப் பார்த்தார்.

“ஏங்க, இடது கை சும்மாவா இருந்துச்சு?”

அவர் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.