கேட்டுக்கு வெளியே ஒருவர்

சாரம் கட்டுகிற அவரை வேலையிடத்தில் எல்லாரும் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி, அவ்வளவு உயரம். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். சாரத்தில் இற்றுப்போன பலகை உடைந்து, டைல்ஸ் போடுகிறவர் நாலாவது மாடியிலிருந்து விழுந்து செத்ததோடு அந்தச் சிரிப்பு போயிற்று. பலகையை மாற்றச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்திருந்தது ஒட்டடைக்குச்சிக்கு. "கால் தவறிட்டான்" என்று கம்பெனி கைகழுவியது.

கொத்தனார், தச்சர், கம்பி கட்டுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து சங்கம் வைத்து, அவரை முன்னால் நிறுத்தினார்கள். நல்ல பலகை, இடுப்புப் பட்டை, கீழே வலை வேண்டும். இனி எதுவானாலும் சங்கத்தோடுதான் பேச வேண்டும் என்றார்கள்.

"ஒவ்வொருத்தரா வாங்க, பேசலாம். கூட்டமா வந்தா கேட்டைத் திறக்க மாட்டேன்" என்றார் மேனேஜர்.

"தனியாப் போனா தலையைத் தடவி அனுப்பிடுவாங்க" என்றார் ஒட்டடைக்குச்சி. யாரும் போகவில்லை.

வேலையை நிறுத்திவிட்டு, வெயிலிலும் மழையிலும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. கடைசியில் கம்பெனி இறங்கி வந்து, சங்கத்தாரைப் பேச உள்ளே கூப்பிட்டது. கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, ஒட்டடைக்குச்சியைக் காட்டி மேனேஜர் சொன்னார்: "இவர் மட்டும் இனிமே எங்க வேலை எதுலயும் கால் வைக்கக் கூடாது."

கொத்தனார் எழுந்துவிட்டார். "அப்படி ஒரு ஒப்பந்தமே வேண்டாம். வாங்கண்ணே, போகலாம்."

மற்றவர்கள் எழவில்லை. கைக்குழந்தைக்குப் பால் வாங்க வழியில்லாத தச்சர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உட்காருப்பா" என்றார் ஒட்டடைக்குச்சி. "கையெழுத்தைப் போடுங்க."

வீட்டில் மனைவி கேட்டாள். "எல்லாரும் உள்ள, நீங்க மட்டும் வெளியவா?"

"நான்தான் போடச் சொன்னேன்."

"நீங்க சொல்லுவீங்க. அவங்களும் கேட்டுக்கிட்டாங்களே."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விஷயம் பரவி, மற்ற கம்பெனிகளும் கையை விரித்தன. குடோனில் மூட்டை தூக்கப் போனார். முதுகு கூன ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்தார். "பெயின்டர் ஆறாவது மாடியிலேர்ந்து வழுக்கிட்டாருண்ணே. வலை தாங்கிடுச்சு. கை முறிஞ்சதோட போச்சு."

ஒட்டடைக்குச்சி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "வலைக்கயிறை மாத்திட்டாங்களா? ஒரு ஆளைத் தாங்கின கயிறை அப்புறம் நம்பக் கூடாது."

"கேக்கலண்ணே."

"நாளைக்கே கேளுங்க. நீ மட்டும் போகாதே, சங்கமாப் போங்க."

கொத்தனார் போன பிறகு மனைவி டம்ளரை எடுக்க வந்தாள். "உங்களைத் திரும்ப எடுக்கிறதப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"இல்ல" என்றார்.