பூலோகத்துக்கு எட்டு மகன்

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மாலதிக்கு ஒரு வேண்டாத ஆசை வந்தது. வம்சமரம் வரைந்து, பிரேம் போட்டு, செம்பூர் மண்டப வாசலில் மாட்ட வேண்டுமாம். தாராவியில் அவள் அப்பா இசக்கிதுரையின் பீரோவைக் குடைந்து, 1963ஆம் வருஷத்து ரேஷன் கார்டு ஒன்றை எடுத்தாள். பாதி ஒட்டிப்போன மடிப்பில் மூன்று பெயர்தான் தெரிந்தது. குடும்பத் தலைவர் பூலோகம். மூத்த மகன் சொரிமுத்து, அதாவது மாலதியின் அப்பாவழித் தாத்தா. அடுத்த மகன் ஆவுடை.

ஆவுடை, மாப்பிள்ளை மாரிக்கண்ணனுடைய அப்பாவைப் பெற்ற தாத்தா.

இரண்டு தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள் என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கை முறை. ஆவுடையின் இறப்புச் சான்றிதழிலும் அப்பா பெயர் பூலோகம்தான். கேட்டுத் தெரிந்துகொள்ளப் பழைய ஆட்கள் யாரும் உயிரோடு இல்லை.

"ஏ பிள்ள, ஒன்ன யாரு இத நோண்டச் சொன்னா?" என்றார் இசக்கிதுரை.

"நீங்கதானப்பா பெரிய வம்சம், பெரிய வம்சம்னு சொல்லிட்டே இருந்தீய. இப்ப மாரிக்கு நான் ராக்கி கட்டணுமா?"

விக்ரோலியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா விஜயராணி போன் செய்தாள். "அண்ணாச்சி, சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. ஊரு சிரிக்கதுக்கு முன்ன நிப்பாட்டிருவோம்."

விஷயம் பக்கத்து வீட்டில் இருக்கிற என் காதுக்கு வந்தபின் கீழே தோல் பை தைக்கிற ஜமால் பாய்க்குத் தெரியாமல் இருக்குமா? நான்தான் போய்ச் சொன்னேன். அவர் மெல்லிசான கத்தியோடு மாடிக்கு வந்தார்.

"கார்ட இங்க தா, துரை. ஒட்டுன தோலையே பிரிக்கேன், இது என்ன."

மடிப்பு மெதுவாகப் பிரிந்தது. உள்ளே மகன்கள் வரிசையாக நின்றார்கள், மொத்தம் எட்டுப் பேர். பக்கத்தில் வயசு. பூலோகத்துக்கு இருபத்தாறு. மூத்த மகனுக்கு இருபத்தஞ்சு.

இசக்கிதுரை விரல் விட்டு எண்ணினார். "ஒரு வயசுலயா பெத்தாரு?"

ஜமால் பாய் சிரிக்கவில்லை. அவர் விரல் கடைசி வரியில் நின்றது. எட்டாவது மகன், கரீம் பாட்சா.

"துரை, இது எங்க வாப்பால்லா."

"அப்ப நீங்களும் எனக்குச் சித்தப்பாவா, பாய்?" என்றாள் மாலதி.

பிறகுதான் அவருக்கு வாப்பா சொன்ன கதை ஞாபகம் வந்தது. தோல் கம்பெனியில் வேலை செய்த ஒன்பது பேர், எல்லாரும் கல்யாணம் ஆகாதவர்கள், ஒரே அறையில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். குடும்பம் இல்லாதவனுக்குக் கார்டு இல்லை என்று ஆபீசில் சொன்னதும், பூலோகம் மற்ற எட்டுப் பேரையும் மகன் என்று எழுதிவிட்டார். அந்தக் கார்டைக் காட்டி வாங்கிய மற்றக் காகிதங்களிலும் அவரே அப்பா ஆனார்.

"எட்டுப் பேருக்கும் பொண்ணு பாத்தது அவருதான். தனக்குப் பாக்க மறந்துட்டாரு. அவரு வைக்க புளிக்குழம்புக்குப் பயந்துதான் எல்லாரும் சீக்கிரமா கல்யாணம் பண்ணாங்கன்னு வாப்பா சொல்லும்."

கல்யாணமாகி ஒவ்வொருவராகத் தனிக் கார்டுக்குப் போகப் போக, இதில் எட்டுப் பெயர் மேலும் சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது. கோடு விழாத பெயர் பூலோகம் மட்டும்.

கார்டை போட்டோ எடுத்து அனுப்பியதும் விஜயராணி உடனே கூப்பிட்டாள். "கரீம் பாட்சா பேர பாத்துட்டேன் அண்ணாச்சி. மிச்சப் பத்திரிகையையும் குடுத்துருங்க."

மாலதி வம்சமரத்தைக் கைவிடவில்லை. செம்பூர் மண்டப வாசலில் உச்சியில் பூலோகம், கீழே எட்டுக் கிளை. எட்டாவது கிளையில் ஜமால் பாயின் பேரப்பிள்ளைகள் வரை எழுதியிருந்தாள்.

ஜமால் பாய் பெண் வீட்டுப் பந்தியில் சாப்பிட்டு எழுந்து, மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தார். கேட்டதற்கு, ரெண்டு வீட்டுக்கும் சித்தப்பா என்றார்.