வெள்ளிப் பூண் போட்ட தடி

எங்கள் குடும்பப் பெயர் சோப்தார். அந்தக் காலத்துப் பிரெஞ்சு கவர்னர் கொடுத்த பட்டமே பெயராகிவிட்டது என்று பெரியப்பா சொல்வார். பால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். ஆதாரமாக, முதலியார்பேட்டை வீட்டு ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளிப் பூண் போட்ட தடி ஒன்று இருந்தது. செங்கோலாம். ஆயுத பூஜையன்று அதற்கு ரோஜா மாலை. எங்கள் சைக்கிள்களுக்கு வெறும் பொட்டுதான்.

கேமரா வைத்த செல்போன் புதிதாக வந்திருந்த சமயம், பெரியப்பா மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. அதற்கு முன் நாலு வரன்களைப் பட்டத்துக்குப் பொருந்தாது என்று பெரியப்பா தட்டிக்கழித்திருந்தார். அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது. இவரை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. காகிதத்தில் இல்லாத எதையும் நம்பமாட்டார்.

“பட்டம்னு சொல்றீங்க. பழைய பதிவேட்டுல இருக்கும், நகல் எடுத்துட்டு வாங்க. இல்லன்னா மேல பேச வேணாம்,” என்றார்.

பெரியப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பழைய பதிவேடுகள் இருக்கும் ஆபீசுக்குப் போனார். பிரெஞ்சில் இருந்ததை எழுத்தர் நிதானமாகப் படித்துச் சொன்னார். சோப்தார் என்பது வேலை. கவர்னர் பல்லக்குக்கு முன்னால் தடியோடு நடந்து கூட்டத்தை விலக்க வேண்டும். அப்பன், மகன், பேரன், மூன்று பேருக்கும் அதே வேலை.

பெரியப்பா நகலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். “கெடைக்கலன்னு சொல்லிடலாமாடா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். வாசலிலேயே அக்கா நின்றிருந்தாள்.

“கெடைச்சுதாப்பா?”

அவள் முகத்தைப் பார்த்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சம்பந்தி வீட்டுக்குப் போய் நகலை நீட்டினார். எனக்கு அவர்மேல் முதன்முதலாக மரியாதை வந்தது.

சொல்தா இரண்டு முறை படித்தார்.

“எங்க வீட்டுப் பதிவுல பல்லக்கு தூக்கறவர்னு இருக்கு, சம்பந்தி. ஒங்காளு முன்னாடி தடியோட நடந்திருக்காரு, எங்காளு தோள்ல சொமந்திருக்காரு. நீங்கதான் பெரிய எடம்.”

பெரியப்பாவுக்கு அங்கேயே முதுகு நிமிர்ந்துவிட்டது. “அப்ப ஊர்வலத்துல நாங்கதான் முன்னாடி,” என்றார்.

கல்யாண ஊர்வலத்தன்று பெட்டியைத் திறந்து தடியை எடுத்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் இருந்த காருக்கு முன்னால் நடந்து, “வழி வுடுங்க, வழி வுடுங்க” என்று ஸ்கூட்டர்களை விலக்கிக்கொண்டே போனார். காரின் பக்கத்தில் நடந்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தாள்.

“அவர்கிட்ட சொல்லிடாதடா. அப்பா இவ்ளோ சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்ல.”