செராபின் வாசல் வரை

எங்கள் மலையூரில் பனி கொட்டினால், காலையில் ஒவ்வொரு வீட்டாரும் அடுத்த வீட்டு வாசல் வரை பனியை வாரி வழி செய்ய வேண்டும். மேல்வீட்டு நொட்புர்கா அக்கா ஐம்பத்தெட்டுக் குளிர்காலமாக அதைத் தவறவிட்டதில்லை. பிள்ளைகள் பள்ளத்தாக்குக்கு இறங்கிப் போனார்கள், மாடுகளை விற்றாயிற்று, புருஷனும் போய்ச் சேர்ந்தார். பனி வாருவதை மட்டும் அவள் விடவில்லை.

ஊரில் இப்போது நாங்கள் இரண்டே பேர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடு வீட்டில் இருந்த செராபின் அக்டோபரில் செத்துப்போனான். முதல் பனிக்கு அக்கா வழக்கம்போல அவன் வாசலோடு நிறுத்திவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“செத்தவன் வீட்டுக்கு எதுக்குக்கா வழி? இன்னும் பத்தடி வாரினா என் வீடு வந்துரும்.”

“என் பங்கு அவன் வாசல் வரைக்கும்தான். அதுக்கப்புறம் அவன் பாடு.”

“உயிரோட இருந்தப்பவே சோம்பேறி அவன்.”

“அவன் காதுல விழப்போகுது.”

அன்றிரவும் பனி கொட்டியது. காலையில் கதவைத் திறந்தால், செராபின் வாசலிலிருந்து என் வாசல் வரை சுத்தமாக வழி. கிழவியின் வேலைதான் என்று கேட்கப் போனேன். செராபின் வீட்டுக்கு அப்பால், அக்கா வீடு வரை இடுப்பளவு பனி. ஒரு காலடித் தடமும் இல்லை. அக்கா காய்ச்சலோடு ஜன்னலைத் திறந்தாள்.

“வாரிட்டானா? அப்ப உன் பங்கைப் பாருடா.”

எனக்கு அடுத்த வீடு பூட்டிப் பன்னிரண்டு வருஷமாகிறது. அன்று அதன் வாசல் வரை வாரினேன்.