கம்பவுண்டர் சொன்ன சாக்கு

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. பிழைப்புக்காக மைசூருக்கு வந்த எனக்குச் சுதந்திரம் வரவில்லை. நரம்புத் தளர்ச்சிக்கென்று டாக்டர் கொடுத்த தூக்க மிக்சரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரே ஒருநாள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டுவிடச் சொன்னார். குறைக்கக் குறைக்கக் கை நடுங்கியது. கதவு சாத்தினாலே நெஞ்சு படபடத்தது.

மருந்து கலக்கும் கம்பவுண்டர் ஒல்லியானவர், அதிகம் பேசமாட்டார். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல்தான் காது. சீசாவில் அளவுக் காகிதத்தை ஒட்டி, குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல் கட்டைவிரலால் அழுத்துவார்.

"இன்னும் ரெண்டு கோடு சேத்து ஊத்துங்க சார். ராத்திரியெல்லாம் உசிரு போய் உசிரு வருது."

அவர் சீசாவை மூடி, "சாக்கு" என்றார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நானா சாக்கு சொல்றேன்? இனிமே ஒரு சொட்டு கூடுதலாக் கேட்டா என்னன்னு கேளுங்க!"

அந்த வீம்பிலேயே நடுக்கத்தோடு மல்லுக்கட்டினேன். கடைசி சீசாவும் காலியானது.

பிறகு ஒருநாள் ஹோட்டலில், சாம்பார் ஊற்ற வந்தவரை ஒருவர் கையால் மறித்து, "சாக்கு, சாக்கு" என்றார். கன்னடத்தில் 'போதும்' என்று அர்த்தமாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற அறிவு, 'போதும்' என்றதற்கா சண்டை போட்டது!

ஓடிப்போய், கன்னடம் புரியாமல் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். கம்பவுண்டர் நடுங்காத என் கைகளைப் பார்த்தார்.

"மன்னிப்பு எதுக்கு? நான் தமிழ்லதானே சொன்னேன்."

கேலியா, நிஜமா? இன்றுவரை அதுவும் ஒரு கவலை. அதற்கு மருந்து கேட்டுப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது மட்டும் தெரியும்.