சாகுல் பாய் போட்ட கையெழுத்து

மூத்திரம் பிடிக்க ஒரு படிப்பா என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சாகுல் ஹமீதைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்துவிட்டு என்னை நல்லவளாகக் காட்டிக்கொண்டால் மாதா பொறுக்க மாட்டாள்.

ஜூரோங் கடலோரத்தில் ஒரு கப்பல் பட்டறை. அதன் கிளினிக்கில் நான் நர்ஸ். உர்சுலா என்கிற பெயரை அங்கே யாரும் சொன்னதில்லை, எல்லோருக்கும் ‘மிஸ்ஸி’தான். சாகுல் ஹமீது எனக்கு முன்பே அங்கே காயம் கட்டும் டிரெசராக இருந்தவர். டன்லப் ஸ்திரீட்டில் மாடிவீட்டில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். தகப்பனார் தென்காசிப் பக்கம். வெல்டர் கண்ணில் விழுந்த இரும்புத் தூளைப் பஞ்சு முனையில் எடுப்பார், அவனுக்கே தெரியாது. வேளை தவறாமல் மருந்து அறையில் அலமாரிக்குப் பின்னால் பாயை விரித்துத் தொழுவார். அதிகம் பேச மாட்டார். பேச வேண்டியதை எல்லாம் நான் பேசிவிடுவதால் அவருக்கு அவசியமும் இல்லை.

எழுபத்தெட்டாம் வருஷம். ஹெராயின் ஊரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. தெருவுக்குத் தெரு, புளோக்குக்கு புளோக்கு, யாராவது ஒரு பையன் பிடிபட்டு மறுவாழ்வு முகாமுக்குள் போயிருப்பான். எங்கள் பட்டறையில் ஒரே மாதத்தில் இரண்டு பேர் சாரத்திலிருந்து விழுந்தார்கள். ஆட்களைச் சோதிக்க வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்தது. திங்கள்தோறும் சீட்டுக் குலுக்கி, எந்த எண் வருகிறதோ அந்த ஆள் சிறுநீர் கொடுக்க வேண்டும். ஆண்களிடம் வாங்க நான் நிற்க முடியாது. சாகுல் பாயைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் இரண்டு வாரப் பயிற்சி, முடிவில் பரீட்சை, தேறினால் சான்றிதழ். பாய் தினமும் வந்து எனக்கு ஒப்பிப்பார். பையையும் சட்டைப்பையில் இருப்பதையும் வெளியே வைக்க வேண்டும். கைகளை நம் கண் முன்னால் கழுவச் சொல்ல வேண்டும். மொண்டு கலக்காதபடி கழிப்பறைத் தொட்டித் தண்ணீரில் நீலச் சாயம். குழாயைத் திறக்காதபடி அதற்குக் கம்பிக் கட்டு. சீல் வைத்த போத்தலை அந்த ஆளே உடைக்க வேண்டும். நிறைந்ததும் நான்கு நிமிஷத்துக்குள் சூடு பார்க்க வேண்டும். ஏனென்றால் கக்கத்துக்குள் வேறு யாருடையதையோ ஒளித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டாம். மூடிமேல் காகிதப் பட்டை ஒட்டி, அதன்மேல் அந்த ஆளின் கையெழுத்து. கடைசியில் படிவத்தில் வாங்குகிறவரின் கையெழுத்து. அதற்கு மேலே அச்சடித்த இரண்டே வரி: அறையில் தண்ணீர் இல்லை, சிறுநீர் உடலிலிருந்து போத்தலில் விழுவதை என் கண்ணால் பார்த்தேன்.

எழுத்துப் பரீட்சையில் பாய் முதல் ஆள். செய்முறையில் தோற்றுப்போனார். பயிற்சிக்கு வந்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் மாதிரி வாங்கிக் காட்ட வேண்டும். இவர் பார்க்க வேண்டிய நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொப்புளுக்கும் முழங்காலுக்கும் நடுவில் இருப்பதை இன்னொரு ஆணே பார்க்கக் கூடாது என்று வளர்ந்த மனிதர், வேறென்ன செய்வார்? பயிற்சி கொடுத்த சீனப் பெரியவர் திட்டவில்லையாம். சுவரைப் பார்ப்பதாக இருந்தால் உன் கையெழுத்தில் ஒன்றும் இல்லை, வேறு வேலை பார் என்று மட்டும் சொன்னாராம். மறு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார், தேறினார். பணியாளர் பிரிவு அதிகாரி தனசேகரன் அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு கிளினிக் சுவரில் மாட்டினார். பாய்க்கு உள்ளுக்குள் பெருமைதான். தினமும் காலையில் தூசி தட்டுவார்.

வேலை தொடங்கிய முதல் வாரமே தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. மலாய்க்காரர்களும் நம் தமிழ் முஸ்லிம்களும் சிறுநீர் கழித்தால் தண்ணீர் விட்டுக் கழுவியாக வேண்டும். ஒரு சொட்டு துணியில் பட்டால் அந்த உடையோடு தொழ முடியாது. அறையிலோ குழாய்க்குக் கம்பிக் கட்டு. மூத்த மலாய் வெல்டர் ஒருவர் வெளியே வந்து, அன்றைய பகல் தொழுகை போய்விட்டதே என்று கண் கலங்கி நின்றார். பாயால் அதைத் தாங்க முடியவில்லை. மூன்றாவது வாரம் காலிப் பால் டின் ஒன்றில் தண்ணீர் பிடித்து, துண்டால் மூடி, அறைக்குள் கதவோரம் வைத்தார்.

நான் பார்த்துவிட்டேன். பார்த்ததும் பிடித்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு முன்பு ஒப்பித்ததெல்லாம் என்ன ஆயிற்று பாய் என்று கேட்டேன். கழுவுவதற்கு மட்டும்தான், அரை டின், நான் பக்கத்திலேயே நிற்கிறேன் என்றார். பக்கத்தில் நின்றார், உண்மை. ஆனால் தண்ணீர் உள்ளே போனதோடு பழைய கூச்சமும் திரும்பிவிட்டது. முஸ்லிம் ஆள் வந்து நின்றால் இவர் முகம் சுவர்ப் பக்கம் போய்விடும். அப்புறம் படிவத்தில் அந்த இரண்டு வரிக்குக் கீழே அழகாகக் கையெழுத்து. நானும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

எழுபத்தொன்பது செப்டம்பரில் அஹமது கபீரின் எண் வந்தது. இருபத்தாறு வயது. கிரேனில் தூக்கும் இரும்புத் தகடுகளுக்கு வடம் கட்டி, மேலே நின்று சைகை காட்டுகிற வேலை. சிரித்த முகம். கேலாங்கில் ஒற்றை அறை வீட்டில் தாயும் மகனும் மட்டும். தாயார் ருக்கையா சின்ன வயதிலேயே விதவையானவர், தையல் வேலை செய்து இவனை வளர்த்தவர். நான்கு நாள் கழித்துப் பரிசோதனைக்கூடத்திலிருந்து தாள் வந்தது: தண்ணீர் கலந்திருக்கிறது. கம்பெனி விதிப்படி தண்ணீர் கலந்தால் கொடுக்க மறுத்த மாதிரி. வேலை போகும், போலீசுக்கும் தகவல் போகும்.

தான் ஒரு சொட்டும் கலக்கவில்லை என்று கபீர் கிளினிக் வாசலில் நின்று சத்தியம் செய்தான். மறுநாள் விசாரணை. அன்று மதியம் பாய் சாப்பிடவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். டின்னைப் பற்றி மேலே யாருக்கும் தெரியாது, அதில் கழுவியவர்கள் சொல்லவும் மாட்டார்கள், வாயை மூடிக்கொண்டு இருங்கள், சான்றிதழும் போய் வேலையும் போய் நடுத்தெருவில் நிற்பீர்கள், உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கெஞ்சினேன். கடைசியில் கத்தவே செய்தேன். அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தை மடித்து வைத்தார்.

"பொய் எழுதுனது நான் மிஸ்ஸி. அவனை எதுக்கு அனுப்பணும்?"

விசாரணையில் படிவத்தைக் கொடுக்க நானும் போயிருந்தேன். தனசேகரனுக்குச் சீக்கிரம் முடிக்க வேண்டும். இது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டப் போனார்.

"கையெழுத்து என்னுதுதான் சார். மேல இருக்கிற ரெண்டு வரியும் பொய்" என்றார் பாய். "ரூம்ல தண்ணி இருந்துச்சு, நான்தான் வச்சேன். இவன் நின்னப்போ நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அப்படியானால் இவன் கலந்தானா இல்லையா என்று தனசேகரன் கேட்டார்.

"தெரியாது சார். தெரியும்னு எழுதிட்டேன். அதான் தப்பு."

கபீர் தலை குனிந்தவன் நிமிரவேயில்லை. நன்றியில் குனிந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

சோதனை செல்லாது என்றார்கள். மூன்று நாள் கழித்துக் கபீரிடம் மறுபடி வாங்கினார்கள், சுத்தமாக வந்தது. பட்டறை முழுக்க அதையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டது. முதல் தடவை கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒரு வாரம் தொடாமல் இருந்தால் ஹெராயின் சிறுநீரில் நிற்காது. நர்ஸுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தபின் அதை நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. ருக்கையா பெரிய தூக்கு நிறைய வட்டிலப்பம் செய்துகொண்டு கிளினிக் வரைக்கும் வந்தார். என் மகன் மேல் விழுந்த பழியைத் துடைத்த தம்பி எங்கே என்று கேட்டார். தம்பி அங்கே இல்லை. சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அவரைச் சாமான் கிடங்குக்கு அனுப்பியிருந்தார்கள். இருபது வருஷம் காயம் கட்டிய கை, கையுறையும் தலைக்கவசமும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பாயின் இடத்துக்குப் புதிதாக வந்த ஆள் பள்ளிவாசலில் போய்க் கேட்டான். அப்போதைக்குக் காகிதத்தால் துடைத்துக்கொள்ளலாம், போத்தலுக்கு சீல் வைத்தபின் வெளியே வந்து தண்ணீர் விட்டுக் கழுவட்டும் என்றார்கள். கதவுக்கு வெளியே ஒரு வாளியும் மறைப்பும் வைத்தான். அவ்வளவுதான் விஷயம்! இதை ஒரு வருஷத்துக்கு முன்பு இந்த மனிதர் கேட்டிருக்கக் கூடாதா? கேட்கக் கூச்சம். நானாவது கேட்கச் சொல்லியிருக்கக் கூடாதா? எனக்குத் திட்டத்தான் தெரியும்.

நான்கு மாதத்தில் கபீரின் எண் மறுபடி சீட்டில் வரவில்லை. ஜனவரியில் ஒரு காலை நல்ல மழை பெய்து விட்டிருந்தது. கபீர் மூன்றாம் தட்டுச் சாரத்திலிருந்து விழுந்தான். பலகை ஈரமாக இருந்தது, வழுக்கியிருக்கலாம். எதனால் விழுந்தான் என்று பார்த்தவர் யாருமில்லை. நான் ஓடினபோது மூச்சு இருந்தது. ஊசி போட முழுக்கைச் சட்டையைக் கத்தரித்தேன். முழங்கை மடிப்பு முழுக்க ஊசித் தழும்பு. பழையது, புதியது, அன்றைக்கு ஏறியது. ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டுமுன் அவன் போய்விட்டான்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. கிடங்கில் இருக்கும் மனிதரை நினைத்துத்தான் பயம்.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து உடல் வந்தது. முக்காட்டைப் போட்டுக்கொண்டு கேலாங்குக்குப் போனேன். மாடியில் வீட்டு வாசலுக்கு வெளியே நடைபாதையில் பாய் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். இறந்த ஆணைக் குளிப்பாட்ட அந்தப் பள்ளிவாசல் வட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதோடு இந்த வீட்டில், ருக்கையா அவரையே கேட்டிருந்தார்.

"வேற யாராவது குளிப்பாட்டட்டும் பாய்" என்றேன்.

ஏன் என்று கேட்டார். நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். பிறகு உள்ளே போய்விட்டார்.

சமையலறையைத் துணியால் மறைத்து அங்கேதான் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கூடத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம் இருக்கும். வெளியே வந்தவர் நேராக நடைபாதைக்குப் போனார். நானும் எழுந்து போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"

தலையை ஆட்டினேன்.

"அன்னைக்கு என் வேலையை நான் ஒழுங்காப் பாத்திருந்தா, ஆறு மாசம் உள்ள கெடந்துட்டு உயிரோட வந்திருப்பான் மிஸ்ஸி. நான் உண்மைய சொன்னேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

ஈரப்பலகை, மழை என்று ஏதோ சொன்னேன். எனக்கே அது கேட்கவில்லை.

அதற்குள் ருக்கையா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். குளிப்பாட்டியவர் தான் கண்டதை வெளியே சொல்லக் கூடாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். அந்த அம்மாவுக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்தும் கேட்டார்.

"தம்பி, நீங்க ஒருத்தர்தான் பொய் சொல்லாத மனுசன். அதனால கேக்குறேன். அவன் அந்தக் கருமத்தத் தொடலல்ல? ஒடம்ப முழுசாப் பாத்தீங்கள்ல, ஒண்ணும் இல்லல்ல?"

இந்த மனிதருக்குப் பொய் வராது. சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். முக்காட்டு நுனியை வாயில் அடக்கிக்கொண்டேன்.

சாகுல் பாய் அந்த அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நல்லாப் பாத்தேன் லாத்தா. ஒண்ணும் இல்ல."

ருக்கையா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடக்கத்துக்குச் சுவா சூ காங் மையவாடிக்குப் போகிற வண்டி கீழே வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். பாய் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, உடல் இருந்த சந்தூக்கைத் தூக்க உள்ளே போனார்.