பெயிலே இல்லாத பள்ளிக்கூடம்

எங்கள் பக்கத்தில் அப்போது இரண்டு அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. பெயரை எழுதப்போவதில்லை, இரண்டிலும் இன்னும் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒன்று ஏரிக்கரை ஓரம், எங்கள் ஊரிலிருந்து நடந்தே போய்விடலாம். இன்னொன்று உத்திரமேரூர் போகிற சாலையில், டவுன் பஸ் பிடிக்க வேண்டும். ஏரிக்கரைப் பள்ளி, சாலைப் பள்ளி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

எண்பதுகளின் ஆரம்பம். என் பெண் ஏரிக்கரைப் பள்ளியில் எட்டாவது முடித்திருந்தாள். கணக்கு மட்டும் அவளுக்கு வராது, மற்றதெல்லாம் நன்றாக வரும். அவள் தம்பி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சேலை கட்டிய நர்சம்மாவைப் பார்த்தவள், அன்றிலிருந்து தானும் நர்சாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பத்தாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும். நானும் என் மனைவியும் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். பாஸ் பண்ணினால் மேலே படிக்கட்டும், பெயிலானால் கல்யாணம். அது அவளுக்கும் தெரியும்.

நான் எட்டாவது வரை படித்தவன். எந்தக் காரியமும் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடும். கோடை லீவில் இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் போனேன். பெரிய வாத்தியார் அறைக்கு வெளியே கறுப்புப் பலகையில் வருஷாவருஷம் பத்தாவது எழுதினவர் எத்தனை, தேறினவர் எத்தனை, நூற்றுக்கு எவ்வளவு என்று பெயிண்டில் எழுதி வைத்திருப்பார்கள். பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். சாலைப் பள்ளியில் எந்த வருஷமும் தொண்ணூறுக்குக் குறையவில்லை. ஒரு வருஷம் நூற்றுக்கு நூறு, அதை மட்டும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். ஏரிக்கரைப் பள்ளியில் பாதி, சில வருஷம் அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன்.

"நம்ம இஸ்கூல்ல பாதிப் புள்ளைங்க பெயிலு. அங்க பெயிலே கெடையாது. பாரு."

"பெயிலாற புள்ள எங்க போனாலும் பெயில்தான் ஆவும். வயசுக்கு வந்த பொண்ண பஸ்சுல தொங்கிக்கினு போவ வுடுவியா? இன்னாய்யா நீ, போர்டுதான் பாடம் எடுக்குதா?"

பெண் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"நைனா, நான் இங்கியே படிக்கிறனே. கணக்கு சார் சாயந்தரம் உக்கார வெச்சி தனியா சொல்லிக் குடுக்கிறாரு."

"அவரு சொல்லிக் குடுத்து எத்தினி பேரு பாஸ் ஆனாங்க? எழுதிக்கினு வந்துக்கீறேன் பாரு."

அவள் பின்னட்டையைப் பார்த்தாள். அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

எங்கள் வீட்டில் எதையும் அம்மனைக் கேட்காமல் செய்வதில்லை. வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய்ப் பூ கேட்டேன். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து அவள் பாதத்தில் வைப்பது, கோவிலுக்கு வந்த ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. சிவப்பு சாலைப் பள்ளி, வெள்ளை ஏரிக்கரைப் பள்ளி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பஞ்சாங்கத்துக் கணக்கையும் அவளிடம் ஒப்பித்தேன். குழந்தை வெள்ளையை எடுத்துக் கொடுத்தது.

காலையில் காப்பி குடித்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. விரதம் இல்லாமல் கேட்டால் அம்மன் சரியாகச் சொல்ல மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, குளத்தில் முழுகிவிட்டு வந்து மறுபடி மடித்து வைத்தேன். சிவப்பு வந்தது. மூன்றாவது தடவை கேட்கவில்லை. வீட்டில் அம்மன் சிவப்புதான் கொடுத்தாள் என்றேன். இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. அவள் கொடுத்ததைக் கீழே வைத்துவிட்டு எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன், அதற்கு அம்மன் பெயரையே சொல்லி என் பெண்ணின் வாயை அடைத்தேன்.

டி.சி. வாங்கப் போனபோது ஏரிக்கரைப் பள்ளிப் பெரிய வாத்தியார் காரணம் கேட்டார். பஞ்சாங்கத்தை நீட்டினேன். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்த வருஷம் நீ நாலாவது ஆளுய்யா. அந்தப் போர்ட வெச்சி முடிவு பண்ணாத."

தோற்றவர் பேசுகிற பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சாலைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று எல்லா வகுப்பையும் சுற்றிப் பார்த்தேன். ஒன்பதாவதுக்கு இரண்டு வகுப்பு, இரண்டிலும் பெஞ்சு கொள்ளாத கூட்டம். பத்தாவதுக்கு ஒரே வகுப்பு. பத்தாவதில் ஆள் குறைவாக வைத்து நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மற்றக் கூட்டம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த வருஷம் முழுக்க அவள் பஸ்ஸில் போய் வந்தாள். கணக்கு வாத்தியார் முன்பெஞ்சுப் பிள்ளைகளோடு மட்டும்தான் பேசுவார் என்று ஒரு தடவை சொன்னாள். பெரிய இடத்தில் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

முழுப் பரீட்சை முடிந்து, வரச்சொல்லிக் கார்டு வந்தது. ஆபீஸ் அறை வராந்தாவில் என்னைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர் மேல்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிளார்க் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"உம் பொண்ணு கணக்குல பெயிலு. ரெண்டு வழி கீது. இங்கியே இருந்தா ஒம்பதாவதுல மறுபடி உக்காரணும். டிசி வாங்கிக்கினு போறதா இருந்தா பத்தாவதுக்குப் பாஸுனு எழுதித் தரேன். வேற எங்கனா சேத்துக்க."

"அதெப்படி சார், இங்க இருந்தா பெயிலு, வெளிய போனா பாஸா?"

அவர் சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை, விளக்கித்தான் சொன்னார்.

"பத்தாவதுல பெயிலே வரக்கூடாதுனா, பெயிலாற புள்ளய பத்தாவதுக்கே வுடக்கூடாது. அவ்ளோதான் விஷயம். போர்டப் பாத்துட்டுதான வந்தே? போர்டு பின்ன எப்படி வரும்னு நெனச்சே?"

அந்த இரண்டு வகுப்பும் ஒரு வகுப்பும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் பின்னட்டையில் எழுதினவர் இருந்தார்கள், தேறினவர் இருந்தார்கள். எழுத விடாதவர்களுக்கு அதில் இடமே இல்லை.

இருந்தாலும் பாஸ் என்று எழுதின டி.சி. கையில் இருக்கிறதே, ஏரிக்கரைப் பள்ளிக்கே திரும்பிப் போய்விடலாம் என்று தைரியமாக வாங்கிக்கொண்டேன். மறுநாள் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன். அதே பெரிய வாத்தியார். டி.சி.யைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார்.

"போன வருஷம் வரிக்கும் அங்கேர்ந்து இப்படி வர புள்ளைங்கள நான்தான்யா சேத்துப்பேன். ஒண்ணைக்கூட வேணாம்னு சொன்னதில்ல. எழுதட்டும், பாதியாவது தேறட்டும்னு வுட்டேன். எம் போர்டு அப்படி இருந்ததுக்குக் காரணம் அதான்."

"இந்த வருஷமும் சேத்துக்கங்க சார்."

"பெரிய வாத்தியாருங்க மீட்டிங்ல ரெண்டு இஸ்கூல் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல எழுதி மாட்டினாங்க. என்ன எழுப்பி நிக்க வெச்சாங்க. ஒரே தாலுக்கா, ஒரே சம்பளம், அவருக்கு வரது உனக்கு ஏன் வரலன்னு அதிகாரி கேட்டாரு. ஊர்க்காரங்களே நம்பாம புள்ளைங்கள எடுத்துக்கினு போறாங்களேன்னாரு." என்னைப் பார்க்காமல் சொன்னார். "அது நீதான்யா. நீயும் இன்னும் மூணு பேரும். இந்த வருஷம் எங்க புள்ளைங்களுக்கே டிசி குடுத்து அனுப்பிட்டேன். உன் பொண்ண சேத்தா அவங்க அப்பனுங்க வாசல்ல வந்து நிப்பாங்க."

கையெடுத்துக் கும்பிட்டேன். பெண் கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு மாற்றல் ஆகிவிட்டது என்று அங்கேயே தெரிந்துகொண்டோம்.

மறுபடி சாலைப் பள்ளிக்கு ஓடினேன். டி.சி. கிழித்தது கிழித்ததுதான் என்று சொல்லிவிட்டார்கள். பத்தாவதுக்குப் பாஸ் என்று காகிதம் இருந்தது, உட்கார ஒரு பெஞ்சு இல்லை. பிரைவேட்டாக எழுதலாம் என்றார்கள். காஞ்சிபுரத்தில் டுடோரியல் இருந்தது. தினம் அவ்வளவு தூரம் பெண்ணை அனுப்ப என் மனைவி சம்மதிக்கவில்லை. முதல் தடவை அவள் பேச்சைக் கேட்காதவன் இரண்டாம் தடவை எந்த வாயால் அவளை எதிர்த்துப் பேசுவது? வீட்டிலேயே தானாகப் படித்தாள். நடவு நாட்களில் அம்மாவோடு கழனிக்குப் போனாள், சேறு காய்ந்த கையோடு வந்து புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வாள். கணக்கு வந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். எனக்கும் தெரியாது.

தூரத்து ஊரில் போய் எழுதினாள். கணக்கில் போய்விட்டது. அடுத்த தடவையும் எழுதினாள், அதுவும் அப்படித்தான். தனியாக எழுதினவர்கள் தேறினாலும் தேறாவிட்டாலும் எந்தப் பள்ளிக்கூடத்துப் பலகையிலும் வருவதில்லை. ஏரிக்கரைப் பள்ளியில் அந்த வருஷம் நூற்றுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது என்று டீக்கடையில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் மட்டும் நான்கு பிள்ளைகள் டி.சி.யோடு வீட்டில் இருந்தார்கள். நான் அதைச் சொன்னேன்.

"உம் பொண்ணுக்குப் படிப்பு ஏறல, அதுக்கு இஸ்கூலு இன்னாய்யா பண்ணும்?" என்றான் ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள்.

வைகாசியில் தாமல் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். சொன்ன சொல்லின்படி கல்யாணம்தானே. நல்ல குடும்பம், ஏரிப் பாசனத்தில் நிலம் இருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா என்னிடம் கேட்டார்.

"பொண்ணு இன்னா படிச்சிக்கீது?"

டி.சி.யில் அப்படித்தானே இருக்கிறது என்று, "பத்தாவது வரிக்கும்" என்றேன்.

உள்ளே அம்மா பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"ஒம்பதாவதுங்க. பத்தாவது கிளாஸ்ல நான் உக்காரவே இல்ல."

என் மனைவி அவள் தொடையில் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தச் சித்தப்பா சிரித்துவிட்டு, "பரவால்ல, பொய் சொல்லாத பொண்ணு. நமக்கு இன்னா, வேலைக்கா அனுப்பப் போறோம்?" என்றார்.

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. நான் எழுந்து வெற்றிலைத் தட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். அவள் இருந்த பக்கம் திரும்பவில்லை.